கோடாரிக்குக் கைப்பிடி: சிறிய லேசர் வெட்டு இயந்திரம் பழகும் பாடம்

 

மதீனாவில் அன்சாரிகளில் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்த செய்தி அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. அவர் வீட்டில் இருந்தவை ஒரு விரிப்பும் ஒரு குவளையும். அவற்றை ஏலம் விட்டதில் 2 திர்ஹம் கிடைத்தது. ஒன்று வீட்டுச் சாப்பாட்டுக்கு, மற்றொன்று கோடாரி வாங்க. கோடாரி வந்ததும் நபி (ஸல்) அவர்கள் தம் கையாலேயே அதற்குக் கைப்பிடி பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்கச் சொன்னார்கள். 15 நாள் தம் கண்ணில் பட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். அவர் 10 திர்ஹம் சம்பாதித்துத் திரும்பி வந்தார்.

ஜும்ஆ பயானில் பலமுறை கேட்ட செய்திதான். ஆனால் அந்தக் கைப்பிடியை நாங்கள் கவனித்தது சென்ற ஆண்டுதான்.

பீடி சுற்றிக் குடும்பம் நடத்தும் ஒரு தாய் எங்கள் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். மகன் பாலிடெக்னிக் முடித்தவன். லேசர் இயந்திரத்தில் பெயர்ப் பலகை, நிக்காஹ் பரிசு செய்து விற்பதை செல்போனில் பார்த்துவிட்டு, வாங்கியே தீர வேண்டும் என்கிறான். அவர் தம் வளையலை அடகு வைக்கத் தீர்மானித்துவிட்டார். “வட்டிக்குப் போறது எனக்கும் பிடிக்கல. ஆனா பிள்ளை ஆசைப்படுதான். நீங்க சொல்லுங்க” என்றார்.

எங்களுக்கும் அந்த இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாமல் ‘வாங்கு’ என்பதும் ‘வேண்டாம்’ என்பதும் பொறுப்பாகாது. எனவே அறக்கட்டளையின் பொது நிதியிலிருந்து ஒரு சிறிய இயந்திரத்தை வாங்கி, அந்தப் பிள்ளையையும் இன்னும் சில இளைஞர்களையும் பெண்களையும் சேர்த்துக்கொண்டு மூன்று மாதம் பழகினோம். வாங்கினால் மறுநாளே சம்பாத்தியம் என்று படங்களில் காட்டுவது நடக்கவில்லை. கைப்பிடி பொருத்தவே அந்த மூன்று மாதமும் தேவைப்பட்டது. கற்றதை இங்கே பாடமாகத் தருகிறோம்.

ஒளியால் வெட்டுவது

வெயிலில் கண்ணாடி வில்லையைப் பிடித்துத் தாளைக் கருக்கும் விளையாட்டு நம் எல்லோருக்கும் தெரியும். இந்த இயந்திரத்தின் அடிப்படையும் அதுவே. ஒளியை ஒரு புள்ளியில் குவித்தால் அங்கே சூடு பெருகும்.

இந்தப் படிப்பில் நம் முன்னோருக்குப் பங்குண்டு. எரிக்கும் ஆடிகளையும் வில்லைகளையும் பற்றி இப்னு ஸஹ்ல் பக்தாதில் 984-ஆம் ஆண்டையொட்டி எழுதினார். ஒளி கண்ணாடிக்குள் புகும்போது எப்படி வளைகிறது என்ற கணக்கு அதில் இருக்கிறது. ஐரோப்பாவில் ஸ்னெல் அதே கணக்கைக் கண்டது 1621-இல். பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம் தம் ‘கிதாபுல் மனாழிர்’ நூலில், ஒளியைப் பற்றி யார் சொன்னாலும் சோதித்துப் பார்த்தே ஏற்க வேண்டும் என்ற வழியை வகுத்தார். இந்த இயந்திரத்தைப் பழகுபவருக்கு முதல் உஸ்தாது அவர்தான் என்போம்.

முதல் லேசரை 1960-இல் அமெரிக்காவில் மெய்மன் உருவாக்கினார். இன்று பட்டறைகளில் மரமும் அக்ரிலிக்கும் வெட்டும் கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964-இல் கண்டுபிடித்தவர் குமார் படேல். மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்து புனேயில் பொறியியல் படித்த இந்தியர்.

எந்த இயந்திரம்?

வீட்டில் வைக்கும் அளவில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, டயோடு லேசர். நீல ஒளி, சுமார் 450 நானோமீட்டர். சில பத்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். 3 மி.மீ. பிளைவுட், அட்டை, தோல் வெட்டும், மரத்தில் எழுதும். நிறமற்ற அக்ரிலிக்கை வெட்டாது, நீல ஒளி அதன் வழியாகக் கடந்து போய்விடும். கறுப்பு அக்ரிலிக்கை வெட்டும்.

மற்றொன்று, கார்பன் டை ஆக்சைடு லேசர். கண்ணாடிக் குழாய்க்குள் பிறக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒளி. நிறமற்ற அக்ரிலிக்கையும் வெட்டும், வேகமும் அதிகம். ஆனால் குழாய்க்குப் பல ஆயிரம் வோல்ட் மின்சாரமும் இடைவிடாத தண்ணீர்க் குளிர்ச்சியும் வேண்டும். அந்தத் தண்ணீர் 25 டிகிரியைத் தாண்டாமல் இருப்பது நல்லது. நம் ஊர் சித்திரை, வைகாசி வெயிலில் தொட்டித் தண்ணீர் எவ்வளவு சுடும் என்பது உங்களுக்கே தெரியும். போர் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படியும், வாலை வடித்த நீரே ஊற்ற வேண்டும். எர்த் சரியில்லாத வீட்டில் இதை வைக்கவே கூடாது. புதிதாகப் பழகுபவருக்கு டயோடு போதும் என்பது எங்கள் கருத்து.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ‘40 வாட்’ என்று பெரிதாகப் போட்டிருப்பது பல நேரம் இயந்திரம் இழுக்கும் மின்சாரத்தின் அளவு. வெட்டும் ஒளியின் அளவு அதில் நாலில் ஒரு பங்குகூட இருக்காது. ‘ஒளி வெளியீடு எத்தனை வாட்?’ என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 10 வாட் ஒளி இருந்தால் மேலே சொன்ன வேலைகளுக்குப் போதும்.

கண், மூச்சு, நெருப்பு

நீல லேசர் நேராகவோ, பளபளப்பான பொருளில் பட்டுத் தெறித்தோ கண்ணில் விழுந்தால் நொடிக்குள் பார்வை போகலாம். போன பார்வை திரும்பாது. 450 நானோமீட்டருக்கு உரியது என்று அச்சிட்ட பாதுகாப்புக் கண்ணாடியை அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் போட வேண்டும். வெயில் கண்ணாடி உதவாது. குழந்தைகள் உள்ளே வராதபடி கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கட்டும்.

புகையை விசிறி வைத்துக் குழாய் வழியே வெளியேற்ற வேண்டும், பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கம் அல்ல. ரெக்சின், பி.வி.சி. ஷீட், ஃபிளெக்ஸ் இவற்றை ஒருபோதும் வெட்டாதீர்கள். அவற்றில் குளோரின் இருக்கிறது. எரிந்தால் வரும் அமிலப் புகை நுரையீரலையும் கெடுக்கும், இயந்திரத்தையும் துருப்பிடிக்க வைக்கும். ‘இது தோல்’ என்று கடையில் சொல்லிக் கொடுத்தாலும் சோதித்துப் பாருங்கள். செம்புக் கம்பியைச் சூடாக்கி, அந்தப் பொருளில் ஒற்றி, மறுபடி தீயில் காட்டினால் சுடர் பச்சையாக மாறும். பச்சை வந்தால் அதைத் தொடாதீர்கள். இதைத் திறந்தவெளியில் செய்யுங்கள்.

நெருப்பு பற்றி எங்கள் தவற்றையே சொல்கிறோம். இரண்டாவது வாரம், அஸர் பாங்கு கேட்டது. வேலை முடிய ஐந்து நிமிடந்தான், ஓடட்டும் என்று விட்டுவிட்டுப் போனோம். திரும்பும்போது வாசலிலேயே வாடை. பலகை தீப்பிடித்து, அடியில் இருந்த தேன்கூட்டுத் தட்டு கருகி, ஒரு பெல்ட் உருகியிருந்தது. அதற்கு மேல் பரவாமல் அல்லாஹ் காப்பாற்றினான். அன்றிலிருந்து சுவரில் எழுதி வைத்திருக்கிறோம்: தொழுகைக்குப் போகுமுன் இயந்திரத்தை நிறுத்து. தீயணைப்பானும் ஈரச் சாக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

சட்டத்தை நேராக்குதல்

பெட்டியைத் திறந்து திருகாணிகளை முடுக்கியதோடு வேலை முடிந்ததாக நினைத்தோம். முதலில் வெட்டிய சதுரம் சாய்சதுரமாக வந்தது.

இயந்திரத்தை ஆடாத, சமமான மேசையில் வையுங்கள். லேசர் தலை ஓடும் சக்கரங்கள் ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது. விரலால் சுற்றினால் லேசான பிடிப்போடு சுற்ற வேண்டும். பெல்ட் தளர்ந்திருந்தால் வட்டம் முட்டையாகும். அளவுக்கு மீறி இறுக்கினால் மோட்டார் திணறும்.

பிறகு குறைந்த சக்தியில் ஒரு அட்டையில் 200 மி.மீ. சதுரம் வரையுங்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். இரண்டும் சுமார் 282.8 மி.மீ. வர வேண்டும். ஒன்று கூடி, ஒன்று குறைந்தால் சட்டம் கோணலாக இருக்கிறது. திருகுகளைத் தளர்த்தி, மூலைமட்டம் வைத்து நேராக்கி மறுபடி வரையுங்கள். எங்களுக்கு நான்கு தடவை ஆயிற்று.

மூலைவிட்டம் சரியாகி, பக்கத்தின் நீளம் மட்டும் தவறினால் அது படி எண்ணிக்கையின் கோளாறு. இப்படிப்பட்ட இயந்திரங்களில் பல ‘ஜிஆர்பிஎல்’ என்ற கட்டுப்பாட்டு நிரலில் ஓடுபவை. ஒரு மி.மீ. நகர மோட்டார் எத்தனை படி வைக்க வேண்டும் என்பது அதன் 100, 101 எண்ணுள்ள அமைப்புகளில் இருக்கும். 100 மி.மீ. கேட்டு 98 மி.மீ. வந்தால், பழைய எண்ணை 100-ஆல் பெருக்கி 98-ஆல் வகுத்துப் போடுங்கள். 80 என்று இருந்தது 81.63 ஆகும். அதே பட்டியலில் 32-ஆம் அமைப்பு 1 என்று இருக்கிறதா எனவும் பாருங்கள். அதுதான் லேசர் முறை. அது 0 என்றிருந்தால் மூலைகளில் தலை வேகம் குறையும் இடமெல்லாம் கரும்புள்ளி விழும்.

இயக்கும் மென்பொருளில் ‘லேசர்ஜிஆர்பிஎல்’ இலவசம். ‘லைட்பர்ன்’ விலைக்கு, வசதி கூடுதல். படம் வரைய ‘இங்க்ஸ்கேப்’ இலவசமாகக் கிடைக்கிறது.

குவியம்

வில்லைக்கும் பலகைக்கும் இடையே உள்ள தூரம் சரியாக இருந்தால்தான் ஒளி மெல்லிய புள்ளியாகக் குவியும். ஒரு மி.மீ. தவறினாலும் கோடு தடித்து, வெட்டு பாதியில் நிற்கும். இயந்திரத்தோடு ஒரு அளவுக் கட்டை தருவார்கள். அதையும் சோதித்தே நம்புங்கள்.

ஒரு பலகையின் ஒரு முனையைக் கட்டை வைத்து உயர்த்திச் சாய்வாக வையுங்கள். அதன் மேல் நீளமாக ஒரே கோடு போடுங்கள். கோடு தடிப்பாகத் தொடங்கி, நடுவில் மெலிந்து, மறுபடி தடிக்கும். மிக மெல்லிய இடத்தில் வில்லையிலிருந்து பலகைக்கு உள்ள தூரமே சரியான குவியம். எங்கள் அளவுக் கட்டை ஒன்றரை மி.மீ. தவறாக இருந்தது. முதல் வாரம் முழுவதும் வெட்டாமல் அழவைத்ததற்குக் காரணம் அதுதான். வில்லையில் புகை படிந்தாலும் இதே தொல்லை வரும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால், இயந்திரம் அணைந்திருக்கும்போது துடையுங்கள்.

கட்டம் போட்டுச் சோதித்தல்

‘எத்தனை சக்தி, எத்தனை வேகம்?’ என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. அடுத்தவர் சொல்லும் எண் நமக்குப் பொருந்தாது. பலகை வேறு, பசை வேறு, இயந்திரம் வேறு.

ஒரு துண்டில் சிறு சிறு கட்டங்கள் போடுங்கள். இடமிருந்து வலமாகச் சக்தியைக் கூட்டுங்கள். மேலிருந்து கீழாக வேகத்தைக் குறையுங்கள். எந்தக் கட்டம் கருகாமல் முழுதாக விழுகிறதோ அதன் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் 10 வாட் இயந்திரத்தில் 3 மி.மீ. பிளைவுட்டுக்கு நிமிடத்துக்கு 200 முதல் 400 மி.மீ. வேகத்துக்குள் விடை கிடைத்தது. மரைன் பிளைவுட்டின் கறுத்த பசை எத்தனை முறை ஓட்டினாலும் வெட்டவில்லை. வெட்டும் இடத்தில் சிறு பம்பால் காற்று அடித்தால் தீயும் கருகலும் குறையும்.

இந்த எண்களை எழுத ஒரு நோட்டு போட்டோம். தேதி, பலகை எந்தக் கடை, என்ன தடிமன், சக்தி, வேகம், எத்தனை தடவை, மழையா வெயிலா. பக்கத்திலேயே வெட்டிய துண்டையும் ஒட்டினோம். பிள்ளைகள் முதலில் முனகினார்கள். அதன் அருமை பின்னால் தெரிந்தது, சொல்கிறோம்.

இன்னொரு அளவும் அந்த நோட்டில் வேண்டும். லேசர் வெட்டும்போது மரத்தில் சிறிது ஆவியாகிப் போகும். 20 மி.மீ. சதுரம் வெட்டி அளந்தால் 19.85 வருகிறது என்றால், வெட்டுக் கோட்டின் அகலம் 0.15 மி.மீ. பெட்டி செய்யும்போது ஒவ்வொரு பக்கமும் அதில் பாதியை வெளியே தள்ளி வரைந்தால் இணைப்பு ஆடாது.

புள்ளி தவறினால் பொருள் தவறும்

நம் மக்கள் அதிகம் கேட்பது அரபு எழுத்துப் பலகைகள். இதில்தான் மிகுந்த கவனம் வேண்டும்.

அரபு எழுத்துருவை அப்படியே வெட்டினால், எழுத்துகள் இணையும் இடங்களிலும் வெட்டு ஓடி, சொல் துண்டு துண்டாக விழும். முதலில் எழுத்தைக் கோட்டுருவாக மாற்றி, எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டவைத்து, அதன் வெளிக்கோட்டை மட்டும் வெட்ட வேண்டும். அடுத்தது புள்ளிகள். வெட்டியதும் அவை தனியே உதிர்ந்து தட்டின் ஓட்டைகளில் போய்விடும். ‘பே’க்கும் ‘தே’க்கும் ‘நூனு’க்கும் வித்தியாசமே புள்ளிதான் என்பது மதரஸாவில் முதல் வாரம் படித்த பிள்ளைக்கும் தெரியும். நம் அரபுத்தமிழிலோ, தமிழுக்கே உரிய ஓசைகளை எழுதக் கூடுதல் குறிகளையே நம்பியிருந்தார்கள்.

புள்ளி விழுவது போலவே, வேண்டாத இடத்தில் கரும்புள்ளி விழுவதும் ஆபத்து. ‘ரஹ்மத்’ என்ற சொல்லின் முதல் எழுத்தின் மேல் ஒரு கருகல் விழுந்தால், அது உருதுவில் தொல்லை என்று பொருள்படும் ‘ஜஹ்மத்’ ஆகிவிடும். மேலே சொன்ன 32-ஆம் அமைப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள்.

நாங்கள் கண்ட வழி இது. எழுத்துகளை வெட்டிய பின் மிஞ்சும் பலகையை எறியாதீர்கள். அதைப் பின்பலகையின் மேல் வைத்து, அதிலுள்ள ஓட்டைகளுக்குள்ளேயே எழுத்தையும் புள்ளியையும் பசை தடவிப் பொருத்தினால் ஒன்றும் இடம் மாறாது. முடிந்ததும் ஓர் ஆலிமிடம் காட்டிய பிறகே வீட்டாரிடம் கொடுங்கள். சோதனைக்கு அல்லாஹ்வின் பெயரையோ ஆயத்தையோ வெட்டாதீர்கள், வெறும் கோடு போதும். அப்படிப்பட்ட துண்டு விழுந்துவிட்டால் குப்பைக்குப் போகாமல் தனிப் பெட்டியில் சேர்த்து, பழைய முஸ்ஹஃப் தாள்களைப் போல மரியாதையாக அடக்குங்கள்.

இன்னொன்று. பத்தமடைப் பாயில் பெயர் பொறித்துத் தரலாமா என்று ஒருவர் கேட்டார். மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தரும் கைவேலை அங்குள்ள நம் சகோதரிகளுடையது. அவர்கள் பிழைப்பில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அந்தப் பாயை வைத்துக் கொடுக்க ஒரு மரப்பெட்டி செய்யலாம், அது இருவருக்கும் லாபம்.

பிறகு என்ன நடந்தது?

மூன்றாம் மாதம் ஒரு கல்யாண வீட்டிலிருந்து சாவிக்கொத்து அட்டை 40 கேட்டார்கள். அது ஐப்பசி அடைமழைக் காலம். நோட்டில் இருந்த எண்களைப் போட்டால் ஒன்றும் அறுபடவில்லை. ஈரத்தில் பிளைவுட் ஊதி, வளைந்திருந்தது. பழைய நாளாக இருந்தால் பலகை பலகையாக வீணாக்கியிருப்போம். அந்தத் தாயின் மகன் நோட்டைப் புரட்டி, “சாச்சா, இது வெயில் காலத்து எண்” என்றான். பலகையைக் காந்தத்தால் தட்டையாகப் பிடித்து, ஒரு ஓரத்தில் கட்டம் போட்டுப் புது எண் எடுத்தான். பத்து நிமிடந்தான் ஆனது. மறுநாள் காலை 40-ம் தயார்.

அவன் உம்மாவின் வளையல் இன்னும் கையில்தான் இருக்கிறது. அவன் இப்போது எங்கள் இயந்திரத்திலேயே வேலை செய்கிறான், பலகைச் செலவு போக மீதி அவனுக்கு. வருமானம் இன்னும் சிறியது, சில வாரம் ஒன்றுமே இருக்காது. உம்மா பீடித்தட்டை இன்னும் இறக்கி வைக்கவில்லை. இதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட எங்களுக்கு விருப்பமில்லை.

சொந்த இயந்திரம் வாங்க அவன் தகுதியாகிவிட்டான் என்று நாங்கள் நினைக்கிறோம். தொழில் தெரிந்த ஏழைக்கு அவருடைய தொழிற்கருவி வாங்கும் அளவுக்கு ஜகாத் கொடுக்கலாம் என்று இமாம் நவவி (ரஹ்) போன்ற ஷாஃபிஈ அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். ‘தொழில் தெரிந்த’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வரும் ரமளானில் ஆலிம்களைக் கலந்துகொண்டு அதைச் செய்ய எண்ணியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

இதே ஆசையோடு உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால், அடகுக் கடைக்குப் போகுமுன் எங்களிடம் அனுப்புங்கள். இயந்திரத்தில் உட்காரட்டும், ஒரு மாதம் நோட்டு எழுதட்டும். திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் கேரள ஸ்டார்ட்அப் மிஷனின் ஃபேப் லேப்கள் இருக்கின்றன. பெரிய இயந்திரங்கள் எப்படி ஓடுகின்றன என்று அங்கே கேட்டறிந்து வரலாம். ஒரு மாதத்தில் ஆசை தணிந்துவிட்டால் காசு மிச்சம். தணியாவிட்டால் கருவிக்கு வழி தேடுவோம்.

நம் பிள்ளைகளின் கைகளில் ஹலாலான தொழிலையும், அதில் பரக்கத்தையும் அல்லாஹ் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.